வீட்லயே ஒயிட் ஒயின் சங்ரியா: எதை எப்போ போடணும், ஏன் போடணும்

சம்மர்ல நாலு பேர் கூடுறப்போ சங்ரியா (ஒயின்ல பழம் ஊற வெச்சு செய்யற பானம்) போடலாம்னு ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், தடுமாறுற இடம் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒயின், பழம், சர்க்கரை, சோடா, ஐஸ்னு அத்தனையையும் ஒரே நேரத்துல ஜக்குல கொட்டி ஒரு கலக்கு கலக்கி உடனே ஊத்தி குடுத்துடறாங்க. பழத்துல ஒயின் ஏறியிருக்காது, ஒயின்ல பழ வாசனையே இருக்காது, சர்க்கரை கரையாம அடியில தங்கிடும், அரை மணி நேரத்துல ஐஸ் கரைஞ்சு மொத்தமும் தண்ணியாயிடும். பொருள் எல்லாம் நல்லதா வாங்கியிருந்தாலும் இதான் கதி. அதனால இங்க ரெசிபிய விட வரிசையதான் அதிகமா சொல்லப் போறேன்.

1. முதல்ல நேரத்தை பின்னாலருந்து கணக்கு போடுங்க

சாயங்காலம் 7 மணிக்கு ஆளுங்க வர்றாங்கன்னா மதியம் 1 மணிக்காவது வேலைய தொடங்கிடணும். பழம் வெட்டி ஊற வைக்க ஒரு மணி நேரம், ஒயின் ஊத்தினப்புறம் ஃப்ரிட்ஜ்ல 4 மணி நேரம், கடைசில டேஸ்ட் பாத்து சரி பண்ண கொஞ்ச நேரம். இதுல கை வேலைன்னு பாத்தா அரை மணி நேரம்கூட ஆகாது, மிச்சமெல்லாம் காத்திருக்கிறதுதான், ஆனா அந்த காத்திருப்புலதான் சங்ரியாவே உருவாகுது, அத சுருக்க முடியாது.

முந்தின நாள் ராத்திரியே போட்டு வெக்கலாமான்னு கேப்பாங்க. போடலாம், ஆனா ஆரஞ்சு, எலுமிச்சை துண்டுங்கள அப்போ சேக்காதீங்க. காரணம் 4வது பகுதில வருது.

ஒயின் பாட்டிலையும் சோடாவையும் காலைலயே ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. மறந்துட்டா ஒரு வாளில பாதி ஐஸ் பாதி தண்ணி, ஒரு கை உப்பு போட்டு பாட்டில கழுத்து வரைக்கும் முக்கி வெச்சா அரை மணி நேரத்துக்குள்ள சில்லுன்னு ஆயிடும். வெறும் ஐஸ்ல குத்தி வெச்சா இவ்ளோ வேகமா ஆகாது, ஏன்னா தண்ணி இருந்தாதான் குளிர்ச்சி பாட்டிலோட எல்லா பக்கமும் தொடும்.

2. என்னென்ன எடுத்து வெக்கணும்

ஒரு 750 மில்லி பாட்டிலுக்கு நான் வெச்சிருக்கிற அளவு இது:

- டிரை (இனிப்பு இல்லாத) ஒயிட் ஒயின் 750 மில்லி
- பிராண்டி இல்லன்னா ஆரஞ்சு லிக்கர் (ஆரஞ்சு வாசனை ஏத்தின மது) 90 மில்லி
- சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன் (பழத்துக்கு)
- சுகர் சிரப் 45 மில்லி (கடைசில சரி பண்ண)
- எலுமிச்சை சாறு 30 மில்லி
- பச்சை ஆப்பிள் 1, பீச் இல்லன்னா நெக்டரின் (வழவழப்பான தோல் இருக்கிற பீச்) 1, ஆரஞ்சு பாதி, எலுமிச்சை பாதி, ஸ்ட்ராபெர்ரி 8
- ப்ளெயின் சோடா 250 மில்லி

200 மில்லி கிளாஸ்ல ஊத்தினா 6 கிளாஸ் வரும்.

பாத்திரம் ரெண்டு லிட்டராவது பிடிக்கிற கண்ணாடி ஜக்கோ ஸ்டீல் பாத்திரமோ இருக்கட்டும், வாய் அகலமா இருந்தா கலக்கவும் பழம் எடுக்கவும் சௌகரியம். அலுமினியம், செம்பு வேண்டவே வேண்டாம், ஒயின்லயும் எலுமிச்சைலயும் இருக்கிற புளிப்பு அந்த உலோகத்த கரைச்சு இழுக்கும், குடிக்கும்போது நாக்குல உலோக ருசி அடிக்கும். பழைய பிளாஸ்டிக் ஜக்கும் ஆகாது, அதுல முன்னாடி இருந்த ஏதாவது வாசனை கண்டிப்பா இதுல ஏறிடும்.

குழாய் வெச்ச டிஸ்பென்சர் வாங்கியிருந்தீங்கன்னா பழத்துண்டு எல்லாம் குழாய் ஓட்டைய விட பெருசா இருக்கணும். சின்ன சின்னதா நறுக்கி போட்டுட்டு பார்ட்டி நடுவுல குழாய் அடைச்சுகிட்டு, மூடிய திறந்து கரண்டிய விட்டு குத்திகிட்டு நிக்கிறது பாக்கவே நல்லாயிருக்காது.

3. ஒயின்: டிரையா, ஓக் இல்லாததா

இனிப்ப நீங்க எப்போ வேணா சேக்கலாம், சேத்தத எடுக்க முடியாது. அதனாலதான் இனிப்பு இல்லாத டிரை ஒயின்ல ஆரம்பிக்கணும்னு சொல்றேன். சாவின்யான் பிளாங்க், பினோ கிரிஜியோ, அல்பரீன்யோ, வெர்தெஹோ இதுல எது கிடைச்சாலும் சரி, எல்லாத்துலயும் ஒரு புளிப்பு தெளிவா இருக்கும், பழமும் சர்க்கரையும் சேந்தப்புறம் அந்த புளிப்புதான் திகட்டாம காப்பாத்தும்.

மொஸ்காட்டோ மாதிரி இனிப்பு ஒயின்தான் கைல இருக்குன்னா சர்க்கரையும் சிரப்பும் முழுசா விட்டுடுங்க, எலுமிச்சைய மட்டும் கொஞ்சம் கூட்டிக்கோங்க.

ஓக் மர பீப்பாய்ல வெச்சு எடுத்த ஷார்டனே ஒயின் தனியா குடிக்க நல்லாயிருக்கலாம், சங்ரியாவுக்கு ஒத்து வராது. அதோட வெண்ணெய், வெனிலா, மரம் இந்த வாசனையெல்லாம் ஆரஞ்சு, எலுமிச்சையோட சேரும்போது ஒண்ணுக்கொண்ணு இடிக்கும், முடிவுல ஒரு மரக்கசப்பு நிக்கும். லேபிள்ல ஓக்னு போட்டிருந்தா அத தனியா குடிக்க வெச்சுக்கோங்க.

விலை கூடின ஒயின் இதுக்கு தேவையில்ல, அதோட நுணுக்கமெல்லாம் பழத்துக்குள்ள மறைஞ்சிடும். அதுக்காக கெட்டுப்போன ஒயினையும் சங்ரியால தள்ளிடலாம்னு நினைக்கக்கூடாது. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனையோ வினிகர் நெடியோ இருந்தா எந்த பழம் போட்டாலும் அது போகாது. ரெண்டு மூணு பாட்டில் ஊத்தறீங்கன்னா ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஒரு கிளாஸ்ல கொஞ்சமா ஊத்தி மோந்து பாத்துட்டு அப்புறம் ஜக்குல சேருங்க. ஒரே ஒரு கெட்ட பாட்டில் மொத்தத்தையும் கெடுத்துடும், அப்போ பழமும் போச்சு, லிக்கரும் போச்சு.

4. பழம்: எது, எந்த சைஸ்ல, எப்போ

நிறைய பேர் ஃப்ரிட்ஜ்ல இருக்கிற எல்லா பழத்தையும் ஒண்ணா வெட்டிப் போட்டுடறாங்க. பழத்த மூணு கூட்டமா பிரிச்சுக்கோங்க, ஒவ்வொண்ணுக்கும் நேரம் வேற.

முதல் கூட்டம் கெட்டியான பழங்க. பச்சை ஆப்பிள், பேரிக்கா, கொஞ்சம் கெட்டியா இருக்கிற பீச், நெக்டரின், அன்னாசி. இதுங்க நீண்ட நேரம் ஊறினாலும் தாங்கும், அதனால முதல்ல போறது இதான். ஒண்ணரை சென்டிமீட்டர் துண்டா வெட்டுங்க. அதவிட பொடியா வெட்டினா ஊறி கொழகொழன்னு ஆயிடும், பெருசா வெட்டினா நடுவுல ஒயினே ஏறாது. தோல் சீவ வேண்டாம், தோல்தான் துண்ட உடையாம பிடிச்சு வெக்குது. திராட்சை போடறதா இருந்தா ரெண்டா வெட்டித்தான் போடணும், முழுசா போட்டா அந்த தோல தாண்டி உள்ள எதுவும் போகாது.

ஆப்பிள், பேரிக்கா வெட்டின உடனே எலுமிச்சை சாற மேல ஊத்தி பிரட்டி விடுங்க. வெட்டின இடம் காத்து பட்டு பழுப்பாகுறத அந்த புளிப்பு தடுக்கும். பழுப்பானா ருசி பெருசா மாறாது, ஆனா ஒயிட் சங்ரியால எல்லாமே வெளிய தெரியும், அழுக்கு கலர்ல மிதக்குற ஆப்பிள யாரும் ஆசையா எடுத்து சாப்பிட மாட்டாங்க.

ரெண்டாவது கூட்டம் ஆரஞ்சு, எலுமிச்சை. இதோட மேல் தோல்ல இருக்கிற எண்ணெய்தான் வாசனை குடுக்கும், அதுக்கு கீழ இருக்கிற வெள்ளை சதைதான் கசப்பு குடுக்கும். சில மணி நேரம் ஊறினா வாசனை முன்னாடி நிக்கும், ராத்திரி முழுக்க விட்டா கசப்பு முன்னாடி வந்துடும். அதனாலதான் முந்தின நாளே பண்றவங்க இத விட்டுட்டு, பரிமாறுறதுக்கு 3 மணி நேரம் முன்னாடி சேக்கணும்னு சொல்றேன். அரை சென்டிமீட்டர் கனத்துல வட்டமா நறுக்குங்க, கொட்டைய குத்தி எடுத்துடுங்க, கொட்டையும் கசக்கும். நறுக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில பிரஷ் போட்டு தோல தேச்சு கழுவணும், கடைல வாங்குற பழத்துல மெழுகு பூசியிருப்பாங்க, அது அப்படியே ஒயினுக்குள்ள போகக்கூடாது.

மூணாவது கூட்டம் மென்மையான பழங்க: ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, நல்லா பழுத்த மாம்பழம், கிவி. கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான் இதுங்களுக்கு வேலை. முன்னாடியே போட்டா கரைஞ்சு ஜக்கே கலங்கிடும், ஸ்ட்ராபெர்ரி கலரையும் விட்டுட்டு வெளுத்துப்போய் மிதக்கும்.

வாழைப்பழம் எந்த நேரத்துலயும் வேண்டாம்.

5. சுகர் சிரப் காய்ச்சி ஆற வெக்கிறது

அரை கப் சர்க்கரை, அரை கப் தண்ணி, அடுப்புல வெச்சு சர்க்கரை கரையுற வரைக்கும் சூடு பண்ணா போதும், பாகு பதமெல்லாம் பாக்க வேண்டாம். முக்கால் கப் வரும், இதுக்கு வேண்டியத விட அதிகம்தான், மிச்சம் ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம் இருக்கும்.

இது எதுக்குன்னா சில்லுன்னு இருக்கிற ஒயின்ல சர்க்கரை ரொம்ப மெதுவா கரையும். கலக்கிட்டு டேஸ்ட் பாத்து இனிப்பு பத்தலன்னு இன்னும் ரெண்டு ஸ்பூன் போடுவீங்க, அதுவும் கரையாம அடியில போய் உக்காரும், மேல ஊத்தற கிளாஸெல்லாம் புளிக்கும், கடைசி கிளாஸ் பாயசமா இருக்கும். சிரப்புன்னா போட்ட உடனே கலந்துடும், நீங்க டேஸ்ட் பாக்குறதும் உண்மையான டேஸ்டா இருக்கும்.

சூடா இருக்கும்போது ஊத்தாதீங்க. முழுசா ஆறணும்.

6. பழத்த ஊற வெக்கிறது

இந்த ஒரு படிய விட்டுட்டு நேரா ஒயின் ஊத்தறவங்கதான் அதிகம், எனக்கு சங்ரியால முக்கியமா படறது இதுதான்.

எலுமிச்சை சாறு ஊத்தி பிரட்டின கெட்டி பழத்து மேல 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரைய தூவி கால் மணி நேரம் அப்படியே விடுங்க. சர்க்கரை பழத்துக்குள்ள இருக்கிற தண்ணிய வெளிய இழுக்கும், பாத்திரத்தோட அடியில பழச்சாறு ஊறி நிக்கும், சர்க்கரையும் அந்த சாறுலயே கரைஞ்சிடும். அதுக்கப்புறம் பிராண்டியோ லிக்கரோ ஊத்தி கிளறி இன்னொரு முக்கால் மணி நேரம் மூடி வெக்கணும்.

சர்க்கரை முதல்ல, லிக்கர் அப்புறம், இத மாத்தாதீங்க. ஆல்கஹால் அதிகமா இருக்கிற திரவத்துல சர்க்கரை மெதுவாத்தான் கரையும், லிக்கர முதல்ல ஊத்திட்டா சர்க்கரை கரைய நேரமாகும், பழமும் சாறு கம்மியாத்தான் விடும்.

லிக்கர் எதுக்குன்னும் கேக்கறாங்க. பழத்தோட வாசனைய இழுத்து எடுக்கிற சக்தி 12 சதவீத ஒயின விட 40 சதவீத பிராண்டிக்கு அதிகம், அதனாலதான் ஒயின் வந்து நீர்த்துப் போறதுக்கு முன்னாடியே பழம் லிக்கர்ல தனியா ஊறணும். ஆரஞ்சு லிக்கர் போட்டா வாசனை தூக்கலா இருக்கும், பெரும்பாலும் அதுலயே இனிப்பும் இருக்கும், அப்போ கடைசில சிரப்ப குறைச்சுக்கணும். பிராண்டில இனிப்பு கிடையாது, கொஞ்சம் கனமா இருக்கும். ரெண்டுல எது பிடிக்குமோ அது, ஆனா 90 மில்லிய தாண்ட வேண்டாம், தாண்டினா பழ வாசனை போய் சாராய நெடிதான் தெரியும்.

7. ஒயின் ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெக்கிறது

ஊறின பழம், அதுல விட்ட சாறு, எல்லாத்தையும் ஒரு சொட்டு விடாம ஜக்குல போடுங்க. ஆரஞ்சு, எலுமிச்சை வட்டங்க சேருங்க. குளிர்ந்த ஒயின ஊத்தி, அடியிலருந்து மேல வர்ற மாதிரி ரெண்டு தடவ மெதுவா கிளறி, மூடி, ஃப்ரிட்ஜ்ல 4 மணி நேரம்.

மூடறது முக்கியம். ஃப்ரிட்ஜ்ல இருக்கிற வெங்காய வாசனைய ஒயின் இழுத்துக்கும். மூடி இல்லாத ஜக்குன்னா ஒட்டுற பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கி விடுங்க.

ஊறும்போது அடிக்கடி எடுத்து கிளற வேண்டாம், பழம் உடையும்.

8. டேஸ்ட் பாத்து சரி பண்ற நேரம்

ஆளுங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. அதுக்கு முன்னாடி சிரப்ப தொடாதீங்க, ஏன்னா குளிரும்போது நாக்குக்கு இனிப்பு கம்மியாத்தான் தெரியும். ரூம் சூட்டுல டேஸ்ட் பாத்து கச்சிதமா இருக்குன்னு நிறுத்தினா சில்லுன்னு ஆனப்புறம் புளிப்பா இருக்கும். அதனால நல்லா குளிர்ந்ததத்தான் டேஸ்ட் பாக்கணும்.

ஒரு கிளாஸ்ல நாலு ஸ்பூன் சங்ரியா, ஒரு ஸ்பூன் சோடா கலந்து குடிச்சுப் பாருங்க, விருந்தாளி குடிக்கப் போறது அதத்தான். இனிப்பு பத்தலன்னா சிரப்ப கால் கால் பங்கா சேருங்க, ஒவ்வொரு தடவையும் கிளறி திரும்ப பாருங்க. 45 மில்லியும் வேண்டியிருக்காம போகலாம், பழம் நல்ல இனிப்பா இருந்தா பாதியே போதும்.

இனிப்பு அதிகமாயிடுச்சுன்னா தண்ணியோ சோடாவோ ஊத்தி நீர்க்க வெக்காதீங்க, எலுமிச்சை சாறு ஒவ்வொரு ஸ்பூனா விடுங்க, அதுவும் பத்தலன்னா இன்னும் கொஞ்சம் ஒயின். கசப்பு தெரிஞ்சா ஆரஞ்சு, எலுமிச்சை வட்டங்கள உடனே வெளிய எடுத்துட்டு புதுசா ரெண்டு நறுக்கி அழகுக்கு போடுங்க.

ஸ்ட்ராபெர்ரி மாதிரி மென்மையான பழங்கள இப்போ சேத்துடுங்க. புதினா பிடிக்கும்னா இலைய உள்ளங்கைல வெச்சு ஒரு தட்டு தட்டி பரிமாறும்போது கிளாஸ்ல போடுங்க, கசக்கி ஜக்குல போட்டா கருத்து, புல் வாசனை அடிக்கும்.

9. சோடாவும் ஐஸும் ஜக்குல வேண்டாம், கிளாஸ்ல

ஜக்குல சோடா ஊத்தினா பழத்துண்டோட சொரசொரப்புல பட்டு குமிழ் எல்லாம் வேகமா வெளிய வந்துடும், முதல் ரெண்டு பேருக்கு மட்டும்தான் சுருக்குன்னு இருக்கும். ஐஸ் ஜக்குல போட்டா நேரம் ஆக ஆக நீர்த்துகிட்டே போகும். அதனால கிளாஸ் கிளாஸா முடிக்கிறதுதான் சரி.

கிளாஸ்ல பெரிய ஐஸ் கட்டி ரெண்டு மூணு, மேல 160 மில்லி சங்ரியா, அப்புறம் 40 மில்லி சோடா, ஒரே ஒரு கிளறு. கூடவே ஊறின பழம் ரெண்டு மூணு துண்டு விழணும், அதுக்கு ஒரு நீட்டு கரண்டி ஜக்கு பக்கத்துலயே வெச்சிடுங்க. பொடி ஐஸ் சட்டுன்னு கரையும், பெரிய கட்டி மெதுவாத்தான் கரையும். முந்தின நாள் விதையில்லா திராட்சைய ஃப்ரீசர்ல வெச்சு கட்டியாக்கி அதையே ஐஸுக்கு பதிலா போட்டா தண்ணி விடற பிரச்சனையே இல்ல, எனக்கு பிடிச்ச வழி இதுதான்.

சோடா சில்லுன்னு இருக்கணும். சூடான சோடால வாயு நிக்காது, ஊத்தும்போதே பொங்கி போயிடும். லெமன் சோடா மாதிரி இனிப்பு சோடா ஊத்தறதா இருந்தா 8வது படில சிரப்பே வேண்டாம். டானிக் வாட்டர் கசக்கும், தெரிஞ்சு போடுங்க. சோடாவுக்கு பதிலா ஸ்பார்க்ளிங் (குமிழ் விடுற) ஒயின் ஊத்தினா பிரமாதமா இருக்கும், ஆனா போதையும் கூடும்.

10. ஒரு கிளாஸ்ல எவ்ளோ ஆல்கஹால்னு தெரிஞ்சுக்கோங்க

பழமும் இனிப்பும் இருக்கிறதால ஜூஸுன்னு நினைச்சு மடக்கு மடக்குன்னு குடிச்சிடறாங்க. கணக்கு பாருங்க: 12 சதவீத ஒயின் 750 மில்லில 90 மில்லி சுத்த ஆல்கஹால், 40 சதவீத லிக்கர் 90 மில்லில 36 மில்லி, மொத்தம் 126. அத 6 கிளாஸுக்கு பிரிச்சா கிளாஸுக்கு 21 மில்லி. 150 மில்லி ஒயின் தனியா குடிச்சா 18 மில்லிதான். அதாவது சோடா கலந்தப்புறமும் இந்த ஒரு கிளாஸ் சாதாரண ஒரு கிளாஸ் ஒயின விட கொஞ்சம் கூட. பழத்துலயும் ஆல்கஹால் ஏறியிருக்கும், காலி கிளாஸ்ல மிச்சம் இருக்கிற பழத்த குழந்தைங்க எடுத்து சாப்பிடாம பாத்துக்கணும். வண்டி ஓட்டறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி ஆல்கஹால் இல்லாத ஜக்க காட்டிடுங்க.

11. ஆல்கஹால் இல்லாத ஜக்கு

எந்த கூட்டத்துக்கும் இப்படி ஒரு ஜக்கு கண்டிப்பா இருக்கணும், குடிக்காதவங்களுக்கு வெறும் சோடாவ நீட்டறது மரியாதையில்ல. வெள்ளை திராட்சை ஜூஸ் 500 மில்லி, ஆறின க்ரீன் டீ 250 மில்லி, எலுமிச்சை சாறு 60 மில்லி, அதே பழங்க, லிக்கர் கிடையாது. க்ரீன் டீ எதுக்குன்னா ஒயின்ல இருக்கிற அந்த லேசான துவர்ப்பு ஜூஸ்ல கிடையாது, டீ அத குடுக்கும். திராட்சை ஜூஸே நல்ல இனிப்பு, சர்க்கரை வேண்டாம். ஃப்ரிட்ஜ்ல ஊறற நேரம், சோடா எல்லாம் அதே மாதிரிதான். ரெண்டு ஜக்கும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதனால பேப்பர்ல பெருசா எழுதி ஒட்டுங்க, கரண்டியும் தனித்தனியா வெய்யுங்க.

12. கூட்டம் பெருசா இருந்தா

12 பேருக்கு ஆளுக்கு ரெண்டு கிளாஸ்னா 4 பாட்டில். எல்லா அளவையும் அப்படியே நாலா பெருக்கலாம், எலுமிச்சையும் சிரப்பும் மட்டும் மூணு மடங்குல நிறுத்தி டேஸ்ட் பாத்து மிச்சத்த சேருங்க. ஒரே பெரிய பாத்திரத்துல வெக்கிறத விட ரெண்டு ஜக்கா பிரிச்சு ஒண்ணு மேஜைல, ஒண்ணு ஃப்ரிட்ஜ்லன்னு வெச்சா ரெண்டாவது சுத்துக்கும் சில்லுன்னு இருக்கும். மேஜைல இருக்கிற ஜக்க ஐஸ் நிரப்பின அகல பாத்திரத்துக்குள்ள உக்கார வெய்யுங்க.

13. மீந்து போனா

பழத்த வடிகட்டி எடுத்துட்டு திரவத்த மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு நாள் நல்லாயிருக்கும், அப்புறம் ஒயின் காத்து பட்டு மங்கிடும். வெட்டின பழத்தோட வெயில்ல மணிக்கணக்கா வெளிய இருந்ததுன்னா வெச்சுக்காதீங்க, கொட்டிடுங்க.

சோடா கலக்காத மிச்சத்த ஒரு தட்டையான டப்பால ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சும் பாக்கலாம். ஆல்கஹால் இருக்கிறதால கல்லு மாதிரி உறையாது, ஒவ்வொரு மணி நேரமும் ஃபோர்க்கால சுரண்டி விட்டா பொடிப்பொடியா வரும். சின்ன கிண்ணத்துல போட்டு உடனே குடுத்துடணும், அஞ்சு நிமிஷத்துல இளகிடும்.